மழைக்கால மின்தடைக்குப் பவர் ஸ்டேஷன் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில் மின்கம்பிகள் பெரும்பாலும் ரப்பர் தோட்டங்களுக்கும் தென்னைகளுக்கும் ஊடாகவே செல்கின்றன. குமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு என்பதால், ஈரமண்ணில் வேர் பிடி தளர்ந்த மரம் கம்பியின்மேல் சாய்வது ஆண்டுக்கு இருமுறை எதிர்பார்க்க வேண்டிய காரியமாகவே இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் கரையை ஒட்டிக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வர நாட்கள் ஆயின. அந்த நாட்களை இருட்டில் கழித்த குடும்பங்களில் பலர், கடைக்காரர்கள் 'போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்' என்று சொல்லும் லித்தியம் பேட்டரிப் பெட்டிகளைப் பற்றி இப்போது விசாரிக்கிறார்கள். பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் மூன்றும் ஒரே கூட்டுக்குள் அடங்கி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிச் செல்லக்கூடிய பெட்டி அது. அதைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பெரும்பகுதி கடைக்குப் போகும் முன்பே, வீட்டில் ஒரு தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு முடிக்க வேண்டியது என்பதே நான் பட்டறிந்த உண்மை.

நான் வாங்கிய முதல் பெட்டியில் '500' என்று பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியும் ஃபேனும் ஓடும் என்று விற்றவர் உறுதி சொன்னார், நானும் நம்பினேன். அந்த 500 என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைச் சொல்லும் வாட் அளவு மட்டுமே. உள்ளே இருந்த மின்சாரமோ 300 வாட்-மணிக்கும் குறைவு. நள்ளிரவுக்கு முன்பே பெட்டி அணைந்துவிட்டது, மூச்சிரைப்பு உள்ள என் தாயார் விடியும்வரை விசிறி மட்டையோடு உட்கார்ந்திருந்தார். இந்த இரண்டு எண்களைப் பிரித்தறியாமல் வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வாட் என்பது குழாயின் அகலம் என்றால், வாட்-மணி என்பது தொட்டியின் கொள்ளளவு. பெட்டியின் மீது 'வாட் ஹவர்' என்று எழுதியிருப்பதைத்தான் வாட்-மணி என்கிறேன். 1000 வாட்-மணி சேர்ந்தால் அது மின்வாரியம் நமக்குக் கணக்கிடும் ஒரு யூனிட். ஆகவே 1024 வாட்-மணி என்று குறிப்பிடப்பட்ட பெட்டியில் ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் அடங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். சில விளம்பரங்களில் வாட்-மணியைச் சொல்லாமல் '80,000 எம்ஏஹெச்' (மில்லி ஆம்பியர்-மணி) என்று மலைக்கவைக்கும் எண் ஒன்றைப் போட்டிருப்பார்கள். அதை 1000-ஆல் வகுத்து, உள்ளே இருக்கும் செல்லின் வோல்டேஜால் பெருக்கினால்தான் உண்மை தெரியும்: 80 பெருக்கல் 3.7 வோல்ட், ஆக 296 வாட்-மணி மட்டுமே. வாட்-மணி எங்குமே குறிப்பிடப்படாத பெட்டியை நான் கையில் எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை.

இனி வீட்டுக் கணக்கு. நீங்கள் கண்டதிலேயே மிக நீண்ட, ஆனால் அடிக்கடி வரக்கூடிய மின்தடை எவ்வளவு நேரம் நீடித்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒக்கிப் புயலைப் போன்ற பேரிடரை அளவுகோலாக வைத்தால் எந்தப் பெட்டியும் போதாது. மாலையில் மரம் விழுந்து, ஊழியர்கள் மறுநாள் காலையில் வந்து சரிசெய்யும் 10 மணிநேர இரவை அளவாகக் கொள்வது எங்கள் ஊருக்குப் பொருந்துகிறது. அந்த இரவில் கட்டாயம் ஓடியாக வேண்டியவற்றை எழுதுங்கள். சாதாரண மின்விசிறி ஒன்று முழுவேகத்தில் 75 வாட் அளவுக்கு இழுக்கும்; பிரஷ் இல்லாத டிசி மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறி 30 வாட் சுமாருக்கு அதே காற்றைத் தரும். எல்ஈடி பல்பு 9 வாட். இணைய மோடமும் வைஃபையும் சேர்ந்து 15 வாட். கைப்பேசி ஒன்றை முழுதாகச் சார்ஜ் செய்ய 15 முதல் 20 வாட்-மணி.

குளிர்சாதனப் பெட்டிக்கு மட்டும் வேறு வழி உண்டு. அதன் கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவதால் வாட்டை மணிநேரத்தால் பெருக்கினால் கணக்கு தவறிவிடும். கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைய செலவு கிடைக்கும். 220 யூனிட் என்றிருந்தால் நாளொன்றுக்கு 0.6 யூனிட், அதாவது 600 வாட்-மணி. 10 மணிநேரத்துக்கு 250 வாட்-மணி. பழைய பெட்டியாக இருந்து கதவின் ரப்பர் தளர்ந்திருந்தால் இதைவிடக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பிஎல்டிசி விசிறிகள் 10 மணிநேரம் ஓடினால் 600, மூன்று பல்புகள் 5 மணிநேரத்துக்கு 135, இணையத்துக்கு 150, நான்கு கைப்பேசிகளுக்கு 60, குளிர்சாதனப் பெட்டிக்கு 250. மொத்தம் 1195 வாட்-மணி. பேட்டரியில் உள்ளதை 230 வோல்ட் மின்சாரமாக மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுவதால், பெட்டியில் எழுதியிருப்பதில் 85 விழுக்காடு கைக்கு வந்தால் நல்லது என்றே கொள்ள வேண்டும். 1195-ஐ 0.85-ஆல் வகுத்தால் 1400-ஐத் தாண்டுகிறது. ஆகவே கடையில் மிகுதியாகக் காட்டப்படும் 1000 வாட்-மணிப் பெட்டி இந்த வீட்டுக்குப் போதாது. 1500-க்கு மேற்பட்டது வேண்டும். இதே வீட்டில் இரண்டும் சாதாரண விசிறிகளாக இருந்தால் மொத்தம் 2095, வகுத்தால் 2460-ஐத் தாண்டிவிடும். விசிறிகளை மாற்றுவதால் மட்டும் 1000 வாட்-மணிக்கு மேல் மிச்சமாகிறது. அந்த 1000 வாட்-மணியைப் பெட்டியாக வாங்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இரண்டு பிஎல்டிசி விசிறிகளின் விலை மிகச் சிறியது. பெட்டி வாங்கப் பணம் சேர்க்கிறவர்களிடம் முதலில் விசிறியை மாற்றுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கணக்கில் பலரும் விட்டுவிடுகிற ஒன்று, பெட்டியின் சொந்தச் செலவு. 230 வோல்ட் சுவிட்சைப் போட்டதும் உள்ளிருக்கும் இன்வெர்ட்டர் சுமை எதுவும் இல்லாமலேயே 10 முதல் 20 வாட் வரை தின்னும். இரவு முழுவதும் மோடத்துக்காக மட்டும் அதைப் போட்டு வைத்தால், மோடம் எடுப்பதைவிடப் பெட்டி தனக்கென எடுத்துக்கொள்வது அதிகமாகிவிடக்கூடும். பெரும்பாலான மோடங்களின் அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கும்; பெட்டியிலும் 12 வோல்ட் டிசி துளை இருக்கும். பொருத்தமான வயர் ஒன்றை வாங்கி நேரடியாக இணைத்துவிட்டால் இந்த இழப்பு நின்றுவிடும். சில மோடங்கள் 9 வோல்ட்டில் இயங்குபவை; அடாப்டரின் எழுத்தையும் மோடத்தின் அடியில் உள்ள எழுத்தையும் படித்துப் பார்க்காமல் இணைக்கக் கூடாது.

கிணற்று மோட்டாரைப் பற்றி எங்கள் பக்கத்தில் கேட்காதவர் இல்லை, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். 1 குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆனால் அது மோட்டாரின் தண்டு தரும் ஆற்றல். அதற்காக மோட்டார் கம்பியிலிருந்து இழுப்பது 1000 வாட்டையும் தாண்டும். தொடங்கும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு பாயும். 2000 வாட் என்று எழுதிய பெட்டிகூட அந்தக் கணத்தில் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடலாம். தொடங்கிவிட்டாலும், அரைமணி நேரத்தில் 500 வாட்-மணிக்கு மேல் தண்ணீராகப் போய்விடும். மழை எச்சரிக்கை வந்த அன்றே மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவைப்பதும், திறந்த கிணறு உள்ளவர்கள் கப்பியையும் கயிற்றையும் கழற்றி எறியாமல் வைத்திருப்பதும் இதற்குச் சரியான விடை. தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மிக்சியை மறுக்க வேண்டியதில்லை: 750 வாட் இழுத்தாலும் தேங்காய் அரைக்க ஐந்து நிமிடம்தான் ஓடுகிறது, செலவு 65 வாட்-மணியைத் தாண்டாது. பெட்டியின் வாட் அளவு இடம்கொடுத்தால் போதும்.

குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசரும் ஒரு மோட்டார்தான். ஓடும்போது 100 வாட்டை ஒட்டி இருந்தாலும் தொடங்கும்போது பல மடங்கு எழும். 'சர்ஜ்' என்று தனியாக எழுதியிருக்கும் அளவு, தொடர்ந்து தாங்கும் அளவைப்போல் இரு மடங்காவது இருக்கிற பெட்டியைப் பாருங்கள். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள புதிய குளிர்சாதனப் பெட்டிகள் மெதுவாகத் தொடங்குவதால் இந்தத் தொல்லை குறைவு. சில பெட்டிகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேலான சுமையையும் ஓட்டும் ஒரு வசதி இருப்பதாகச் சொல்வார்கள். அது வோல்டேஜைக் குறைத்துச் செய்யும் வேலை. சூடாக்கும் கருவிகளுக்குப் பரவாயில்லை, மோட்டார்களுக்கு ஆகாது. மீன் வாங்கி வைத்திருப்பவர்கள் கவலைப்படுவது நியாயமே என்றாலும், கதவைத் திறக்காமல் வைத்தால் குளிர் நான்கு மணிநேரம்வரை தங்கும். ஆகவே தொடர்ந்து ஓட்டாமல் மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை ஒரு மணிநேரம் ஓட்டி, மின்சாரத்தை விசிறிக்கு மிச்சம்பிடிக்கலாம்.

மருத்துவக் கருவிகள் உள்ள வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நெபுலைசர் பத்து நிமிடம் ஓடுவது. அதற்குச் சிறிய பெட்டியே போதும். ஆனால் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சன்ட்ரேட்டர் 350 வாட் அளவுக்கு இடைவிடாமல் இழுக்கும். 10 மணிநேரத்துக்கு 3.5 யூனிட். கையில் தூக்கும் எந்தப் பெட்டியையும் நம்பி ஒரு நோயாளியின் மூச்சை ஒப்படைக்கக் கூடாது. நிரப்பிய சிலிண்டர் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். பெட்டி அதற்குத் துணை மட்டுமே.

அளவு முடிவானபின் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் செல்லின் வகை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று ஒன்று, நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் கலந்தது என்று மற்றொன்று. பின்னது எடை குறைவு. மலையேறுகிறவர்களுக்கும் பயணிகளுக்கும் அது ஏற்றதாக இருக்கலாம். வீட்டில் ஒரு மூலையில் வைத்திருக்கப் போகிறவருக்கு எடை பெரிய விஷயமில்லை. அயர்ன் பாஸ்பேட் செல் 3000 முறைக்கு மேல் நிரம்பிக் காலியானபின்னும் தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டை வைத்திருக்கும் என்று தயாரிப்பாளர்கள் பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். மற்றது பெரும்பாலும் 500 முதல் 1000 முறையோடு அந்நிலைக்கு வந்துவிடும். அதைவிட முக்கியமாக, அளவுக்கு மீறிச் சூடானால் தீப்பற்றும் தன்மை அயர்ன் பாஸ்பேட்டில் குறைவு. எரியவே எரியாது என்று பொருளில்லை. ஆனால் குழந்தைகள் உறங்கும் வீட்டுக்குள் வைக்க இதைத் தவிர வேறு வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தரத்தின்கீழ் பதிவு கட்டாயம். அந்த எண்ணும் பதிவு எண்ணும் பெட்டியில் அச்சாகி இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வெளியே வரும் மின்சாரம் 'பியூர் சைன் வேவ்' ஆக, அதாவது மின்வாரியம் தருவதைப் போன்ற சீரான அலையாக இருக்க வேண்டும். மலிவான பெட்டிகளில் வரும் மாற்று அலையில் விசிறி உறுமும், மோட்டார் சூடேறும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதும் பெட்டியில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பதால் 'அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஒன்று கொண்டுவரச் சொல்கிறேன்' என்பது வழக்கமான பேச்சு. பயணிகள் விமானத்தில் 100 வாட்-மணி வரையிலான பேட்டரியைக் கைப்பையில் கொண்டுவரலாம். 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் அனுமதியே இல்லை. வீட்டுக்குப் பயன்படும் எந்தப் பெட்டியும் இந்த வரம்புக்குள் வராது. பணத்தைக் கொடுத்துவிட்டு விமான நிலையத்தில் பெட்டியைப் பறிகொடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போதாததற்கு சவுதி அரேபியாவின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கே விற்கும் பெட்டி நம் 50 ஹெர்ட்ஸுக்குப் பொருந்தாமல் போகலாம்.

சூரியத் தகட்டோடு சேர்த்து வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். நல்ல வெயிலில் 100 வாட் தகடு ஒரு நாளில் 400 வாட்-மணி சுமார் தரக்கூடும். ஆனால் நமக்குப் பெட்டி தேவைப்படுவது மழைநாளில், அப்போது அதில் கால்பங்கு வந்தாலே பெரிது. தென்னோலை ஒன்றின் நிழல் தகட்டின் ஒரு பகுதியில் விழுந்தாலும் மொத்த விளைச்சலும் சரிந்துவிடும் என்பதால், தோப்புக்குள் வீடு வைத்திருப்பவர்கள் மொட்டைமாடியில் நிழல் படாத இடம் உண்டா என்று பகல் முழுவதும் பார்த்தபின்னரே வாங்க வேண்டும். இரண்டாவது செய்தி ஆபத்தைப் பற்றியது. பெட்டி எத்தனை வோல்ட் வரை தகட்டிலிருந்து ஏற்கும் என்பதற்கு ஒரு மேல்வரம்பு உண்டு; சிறிய பெட்டிகள் பலவற்றில் அது 60 வோல்ட். வீட்டுக் கூரைக்கு விற்கும் 540 வாட் தகடு ஒன்றே சுமை இல்லாத நிலையில் 49 வோல்ட் அளவுக்குக் காட்டும். இரண்டை வரிசையாகச் சேர்த்தால் 98 ஆகிப் பெட்டியின் உள்சுற்று எரிந்துவிடும். உத்தரவாதமும் அதை ஏற்காது.

சொந்த வீடு, இன்வெர்ட்டருக்கென்று வயரிங் ஏற்கெனவே இழுத்திருக்கிறது, மின்தடை வந்தாலும் இரண்டு மூன்று மணிநேரத்தில் திரும்பிவிடுகிறது என்றால், வழக்கமான இன்வெர்ட்டரும், தண்ணீர் ஊற்றும் ஈய-அமில வகையான டியூபுலர் பேட்டரியுமே போதுமானது என்பது என் கருத்து. 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 12 வோல்ட் கணக்கில் 1800 வாட்-மணி இருக்கிறது. அதை ஒவ்வொரு முறையும் முழுக்க வடியவிட்டால் ஆயுள் குறையும் என்பதால் பாதியைத்தான் நம்பலாம். ஆனாலும் அதே அளவு லித்தியம் பெட்டியைவிட விலை மிகக் குறைவு, பழுது பார்க்க ஊரிலேயே ஆள் உண்டு. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதவர்கள், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகள், வீட்டுக்கும் கடைக்கும் மாறிமாறித் தூக்கிச் செல்ல வேண்டியவர்கள், இரவு முழுவதும் மின்சாரம் வராத உட்பகுதிகளில் இருப்பவர்கள், இவர்களுக்கே பவர் ஸ்டேஷன் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

வாங்கும் இடத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். எல்லையில் இருப்பதால் நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் நமக்கு ஏறக்குறைய ஒன்றுதான். எங்கே விலை குறைவோ அங்கே போகிறோம். பெரிய லித்தியம் பேட்டரி சரக்குப் போக்குவரத்தில் ஆபத்தான பொருளாகக் கருதப்படுவதால், பழுதானால் தபாலிலோ சாதாரண கூரியரிலோ அனுப்புவது எளிதன்று. ஆகவே நீங்களே வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய தொலைவில் பழுதுபார்க்கும் மையம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்லும் மையத்துக்குத் தொலைபேசியில் பேசி, இந்த மாடலை அவர்கள் திறந்து பார்ப்பார்களா, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்களா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வரிசை எண் எழுதிய பில் இல்லாமல் பெட்டியை வாங்கி வராதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின், தகரக் கூரையின் கீழும் அடுப்படியிலும் வைக்கக் கூடாது. வெப்பமே லித்தியம் செல்லின் முதல் எதிரி. கொல்லங்கோடு, தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று நேராக வீசும் சன்னலருகே வைத்தால் துளைகளில் துரு ஏறும். வேகமாகச் சார்ஜ் செய்யும் பெட்டிகள் 1000 வாட்டுக்கு மேல் இழுப்பதால், 6 ஆம்பியர் சாதாரண பிளக்கில் அதோடு வேறெதையும் சேர்க்காதீர்கள். பழைய வயரிங் உள்ள வீடாக இருந்தால் சார்ஜ் வேகத்தைக் குறைத்து வைப்பது வயருக்கும் பேட்டரிக்கும் நல்லது. மழையில்லாத மாதங்களில் பாதி அளவில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். வைகாசி முடிவிலும் புரட்டாசி முடிவிலும் முழுதாக நிரப்பித் தயாராக வைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். இரு முனையிலும் பிளக் வைத்த வயரைத் தயாரித்து, பெட்டியிலிருந்து சுவர்ப் பிளக்குக்குள் மின்சாரத்தைச் செலுத்தி வீடு முழுவதையும் ஒளிரவைக்கச் சிலர் சொல்லித் தருகிறார்கள். மெயின் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டால் அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போய், வழியிலுள்ள டிரான்ஸ்பார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்துவிடும். நமக்காக மழையில் நனைந்துகொண்டு கம்பத்தில் ஏறி நிற்கும் மின்வாரிய ஊழியரின் உயிர் அதில் இருக்கிறது. மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் பெட்டியும் வெடிக்கக்கூடும். வீட்டு வயரிங்கோடு இணைத்தே ஆக வேண்டும் என்றால், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு, தெருக் கம்பி, பெட்டி இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பொருத்துங்கள். இல்லையென்றால் நல்ல தடிமனான எக்ஸ்டென்ஷன் பெட்டியே போதும்.

வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு சோதனை செய்ய வேண்டும். பெட்டியை முழுதாக நிரப்பி, மின்சாரம் இருக்கும் நாளிலேயே அதில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மட்டும் மாட்டி, நேரத்தைக் குறித்து வையுங்கள். 1024 வாட்-மணிப் பெட்டியில் அது எட்டரை மணிநேரத்தை ஒட்டி எரிய வேண்டும். ஆறு மணிநேரத்திலேயே அணைந்தால், எழுதியிருக்கும் அளவு உள்ளே இல்லை அல்லது செல்லில் குறை இருக்கிறது. மறுநாள் மீண்டும் நிரப்பி, குளிர்சாதனப் பெட்டியை மாட்டி, கம்ப்ரசர் நின்று மறுபடி தொடங்கும் கணத்தைக் குறைந்தது மூன்று முறை அருகிலிருந்து பாருங்கள். இவற்றில் எதில் தவறினாலும், குறித்து வைத்த நேரங்களோடும் பில்லோடும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.